ஜீவ்தன் கோட்டையும் எங்க தஞ்சாவூரும்

ஜனவரியில் இரண்டாவது சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை. இன்னும் இரண்டு மாதத்தில் வருடாந்திரக் கணக்கு முடிப்பு வந்துவிட்டால் அப்புறம் ஏப்ரல் வரை நான் வீட்டில் ஒரு விருந்தாளிதான். அதனால் கிடைத்த இரண்டு நாளை விடக்கூடாது என்று பெண்ணையும் கூட்டிக்கொண்டு மலை ஏறப் போனேன். தங்கமணி, "இந்தத் தொந்தியோட பாறை ஏறப்போறீங்களா? ஆளை விடுங்க சாமி" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

போன இடம் ஜீவ்தன். புனாவிலிருந்து நாராயண்காவ், ஜுன்னர் வழியாக காட்கர் என்கிற கிராமம். கிட்டத்தட்ட 120 கி.மீ. விடிகாலை நாலு மணிக்கு எங்க அலுவலகப் பையன்கள் நாலைந்து பேரோடு ஒரு ஜீப்பில் கிளம்பினோம். அவர்கள் சனி, ஞாயிறு வந்தால் ஏதாவது ஒரு மலையில் கயிறு கட்டித் தொங்குகிற ஜாதி. நான் அப்படி இல்லை. பி.காம். படித்துவிட்டு நாற்காலியிலேயே இருபது வருஷம் ஓட்டியவன். சரித்திரம் மட்டும் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான்.

சஹ்யாத்ரி மலை பற்றி ஒரு வார்த்தை. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் வடக்குப் பகுதிதான். ஆனால் நீலகிரி, கொடைக்கானல் மாதிரி இருக்காது. ஏறத்தாழ 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகக் கொட்டி இறுகிய கருங்கல். கொங்கண் பக்கம் செங்குத்தாக வெட்டிவிட்ட மாதிரி நிற்கும். கீழே கடற்கரைச் சமவெளி, மேலே தக்காணப் பீடபூமி, நடுவில் இந்தச் சுவர். சுவரில் எங்கே சின்னச் சந்து இருக்கிறதோ அதற்குப் பெயர் 'காட்', அதாவது கணவாய். அந்தச் சந்தைக் காவல் காக்க மேலே ஒரு கோட்டை. நாணேகாட் என்கிற பழைய கணவாய்க்குக் காவலாக நிற்பவை ஜீவ்தன், சாவண்ட், ஹட்சர், சிவநேரி. கடைசியில் சொன்ன சிவநேரியில்தான் 1630-ல் சிவாஜி பிறந்தார்.

ஜீவ்தனுக்கு ஏற இரண்டு வழி. நாங்கள் போனது மேற்கில் இருக்கிற கல்யாண் வாசல் வழி. பாறையைக் குடைந்து படி வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிப் போனால், திடீரென்று படி இல்லை! ஏறக்குறைய இரண்டு ஆள் உயரத்துக்கு வெறும் பாறை. அதற்கு மேலே மறுபடியும் படி ஆரம்பிக்கிறது.

"நடுவுல யாரு அழிச்சது?" என்று கேட்டாள் பெண். எட்டாவது படிக்கிறாள்.

வெள்ளைக்காரன். 1818-ல் மூன்றாவது மராத்தியப் போர் முடிந்து, கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் சரணடைந்தார். கும்பினி கைக்கு டஜன் கணக்கில் மலைக்கோட்டைகள் வந்தன. அத்தனைக்கும் ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கக் கட்டுமா? வேறு யாராவது உள்ளே புகுந்துகொண்டால்? சுலபமான வழி ஒன்றைப் பிடித்தார்கள். ஏறுகிற படியை மட்டும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டால் போதும். கோட்டைச் சுவர், தானியக் கிடங்கு, குளம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், போய்ச் சேர முடியாதே! செலவுக் கணக்குப் பார்க்கிறவன் மூளை. எனக்குப் புரிந்தது, நானும் அந்த ஜாதிதானே :-)

அந்த உடைந்த இடத்தில்தான் கயிறு. முதலில் ஒரு பையன் ஏறிப் போய் மேலே கயிற்றைக் கட்டினான். இடுப்பில் வார்ப்பட்டை, அதில் ஒரு இரும்புக் கொக்கி, அதில் கயிறு. மேலே இருப்பவன் நாம் ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொண்டே வருவான். வழுக்கினால் அவன் பிடித்துக்கொள்வான். விதி ஒன்றே ஒன்று: இரண்டு கை, இரண்டு கால், நாலில் எப்போதும் மூன்று பாறையில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தலாம்.

பெண் அஞ்சு நிமிஷத்தில் ஏறிவிட்டாள். நான் பாதியில் நின்றுவிட்டேன். வலது காலை எடுத்து வைக்க இடம் தெரியவில்லை. கீழே பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா? கால் தானாக நடுங்க ஆரம்பித்தது, தையல் மிஷின் மாதிரி. மேலேயிருந்து, "அப்பா, வலது முட்டிக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு, பாருங்க" என்று குரல். இருந்தது. வெடித்ததில் மிச்சம் இருந்த பழைய படியின் ஒரு விளிம்பு. எவனோ ஒருவன் உளி வைத்துச் செதுக்கியது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் இன்னொருவன் உடைத்தும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் கால் வைத்துத்தான் நான் மேலே போனேன்.

உச்சியில் கல் தானியக் கிடங்கு ஒன்று இருக்கிறது. வாசலில் கஜலட்சுமி. உள்ளே அடுக்கடுக்காக இருட்டறைகள். 1818-ல் எரிந்த தானியத்தின் சாம்பல் இன்னும் இருக்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள். மேற்கு விளிம்பில் போய் நின்றால் எதிரே 'வானர்லிங்கி' என்கிற தனிக் கல்தூண். ஏறத்தாழ 350 அடி, ஒற்றை விரல் மாதிரி. அதில் வேறு ஒரு குழு எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

எங்க பையன்கள் வழக்கம்போலக் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று சிவாஜிக்கு ஜே போட்டார்கள். என் பெண்ணும் தொண்டை கிழியப் போட்டாள். நான் சும்மா நின்றேன். இறங்கும்போது கேட்டாள்:

"நீங்க ஏன்ப்பா சொல்லல? இது நம்மளோடது இல்லையா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் பிறந்தது புனாவில். இங்கே நாலாம் வகுப்பிலேயே சிவாஜி சரித்திரம் ஒரு முழுப் புத்தகம். அவள் அதைத் தன்னுடையதாக நினைத்துத்தான் படித்தாள். நான் தஞ்சாவூர் மேல வீதிக்காரன். பத்தொன்பது வருஷமாக இங்கே இருந்தும் 'அவங்க கோட்டை', 'அவங்க ராஜா' என்றுதான் வாயில் வருகிறது. ஊரை விட்டு வந்த எல்லோர் வீட்டிலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு ரூபத்தில் வந்திருக்கும். ராத்திரி சொல்றேன் என்று தள்ளிப் போட்டேன்.

ராத்திரி தங்கியது மலையடிவாரத்தில் ஒரு குடிசை. மண் சுவர், தகரக் கூரை, சாணி மெழுகிய தரை. விறகடுப்பில் பாக்ரியும் பிட்லாவும் (அரிசி மாவு ரொட்டியும் கடலை மாவுக் குழம்பும்), பச்சைமிளகாய் இடித்த டேச்சாவும். சுவரில் பணம் வாங்குகிற கியூஆர் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. ஆனால் மருந்துக்குக்கூட சிக்னல் இல்லை. வங்கிக்காரன் பர்ஸிலிருந்து ரொக்கத்தை எண்ணிக் கொடுத்தேன். குளிர் பல்லைக் கிட்டியது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொன்னேன்.

நாம் இன்றைக்கு ஏறிய கோட்டையில் 1633-ல் ஒரு சின்னப் பையன் சிறையில் இருந்தான். பெயர் முர்தஸா. அகமதுநகர் நிஜாம்ஷாஹி வம்சத்துக் குழந்தை. அந்த வருஷம் தௌலதாபாத் கோட்டை முகலாயரிடம் விழுந்தது. சுல்தானாக இருந்த ஹுசேனும் சிறுவன்தான், அவனைப் பிடித்து குவாலியர் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். ராஜ்யம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் ஒரு மராத்தியத் தளபதி ஜீவ்தனிலிருந்து இந்த முர்தஸாவைக் கூட்டிப் போய், பேம்கிரி கோட்டையில் முடிசூட்டி, தானே நிர்வாகத்தை நடத்தினார். அவர்தான் ஷாஹாஜி போன்ஸ்லே, சிவாஜியின் அப்பா. அப்போது சிவாஜிக்கு மூன்று வயது.

மூன்று வருஷம் தாக்குப் பிடித்தார். 1636-ல் ஷாஜஹானே தக்காணத்துக்கு வந்துவிட்டார். பீஜப்பூரும் முகலாயரும் கைகோத்துக்கொண்டார்கள். மாஹுலி கோட்டையில் ஷாஹாஜி சரணடைந்து, பையனை ஒப்படைத்தார். அதோடு நிஜாம்ஷாஹி கணக்கு மூடப்பட்டது.

கம்பெனி இழுத்து மூடிவிட்டால் உத்தியோகஸ்தன் என்ன செய்வான்? வேறு வேலை பார்ப்பான். ஷாஹாஜி பீஜப்பூர் சுல்தானிடம் சேர்ந்தார். அவர்கள் போட்டார்கள் ஒரு டிரான்ஸ்ஃபர், தெற்கே! 1638-ல் பெங்களூர் பிடிபட்டது, அதை ஷாஹாஜிக்கு ஜாகீராகக் கொடுத்தார்கள். மனைவி ஜீஜாபாயும் சின்னப் பையன் சிவாஜியும் புனா ஜாகீரில். வேலை ஒரு ஊரில், குடும்பம் ஒரு ஊரில். நமக்குத் தெரியாத கதையா இது? 1664-ல் கர்நாடகத்தில் ஹோதிகெரெ என்ற இடத்தில் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். சமாதியும் அங்கேதான்.

அவருடைய இன்னொரு மனைவி துகாபாயின் மகன் ஏகோஜி. நம்ம ஊர்ப் புத்தகங்களில் வெங்காஜி. பீஜப்பூர் படையோடு வந்தவர் 1670களின் நடுவில் தஞ்சாவூரைப் பிடித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். 1855 வரைக்கும் எங்க ஊரை ஆண்டது இவருடைய வம்சம்தான். சரஸ்வதி மகால் நூலகம் என்றதும் நாம் சொல்கிற சரபோஜி மகாராஜாவும் இந்த வம்சம்தான்.

"அப்போ தஞ்சாவூர் ராஜாவும் சிவாஜியும் அண்ணன் தம்பியா?" என்றாள்.

ஆமாம். சண்டையும் அண்ணன் தம்பிச் சண்டைதான். 1677-ல் சிவாஜி தெற்கே வந்தார், செஞ்சியைப் பிடித்தார். அப்புறம் கொள்ளிடக் கரையில் திருமழபாடிக்குத் தம்பியை வரச் சொன்னார். அப்பா சொத்தில் பாதி கேட்டார். அப்பா தெற்கே சம்பாதித்ததை எல்லாம் நீயே வைத்துக்கொண்டால் எப்படி என்பது அண்ணன் கட்சி. கூட இருந்து பார்த்துக்கொண்டவன் நான் என்பது தம்பி கட்சி. பேச்சு முடியவில்லை. ஒரு ராத்திரி ஏகோஜி சொல்லாமல் கொள்ளாமல் ஆற்றைத் தாண்டித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார். பிறகு சண்டை நடந்து, சமாதானம் ஆகி, தஞ்சாவூர் தம்பியிடமே இருந்தது. வெளியூரில் வேலை பார்த்த அப்பாவின் சொத்து, வேறு வேறு ஊரில் வளர்ந்த பிள்ளைகள், பாகப்பிரிவினை. நான் கிளையில் உட்கார்ந்திருந்தபோது இந்த மாதிரி எத்தனை வாரிசுச் சான்றிதழ் பார்த்திருக்கிறேன்!

நான் தமிழில் சொல்லச் சொல்ல, என் பெண் அதை மராத்தியில் அந்த வீட்டுப் பெரியவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: ராஜாக்கள் வருவார்கள், போவார்கள், படி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எங்க ஆட்கள்தான்.

அவர்கள் மகாதேவ கோலி பழங்குடி. இந்த மலைக்கோட்டைகளின் காவல் பரம்பரையாக அவர்கள் கையில்தான் இருந்தது. 1818-ல் படி உடைந்தபோது கோட்டை மட்டும் போகவில்லை, அவர்கள் உத்தியோகமும் போயிற்று. நிலவரியை ரொக்கமாகக் கட்டு என்றது புது சர்க்கார். மலைக்காட்டில் ரொக்கத்துக்கு எங்கே போவது? சாவுகாரிடம் கைநாட்டு. வட்டி ஏறியது, நிலம் போனது. 1840களில் ராகோஜி பாங்க்ரே என்கிற கோலி வீரர் கலகம் செய்தபோது சாவுகார்கள் வீடுகள்தான் முதல் குறி. ராகோஜியை 1848-ல் தாணே சிறையில் தூக்கிலிட்டார்கள். பெரியவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது கையைக் கூப்பினார்.

கடன் பத்திரங்களை வைத்தே பிழைப்பு நடத்துகிற நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ரொக்கமாக எண்ணிக் கொடுத்தபோது பெருமையாக இருந்தது, இப்போது அவ்வளவாக இல்லை.

மறுநாள் காலை நாணேகாட். மராத்தியில் 'நாணே' என்றால் காசு. நம்ம நாணயமும் அதே குடும்பத்துச் சொல்தான். கணவாய் உச்சியில் ஒரு பெரிய கல் தொட்டி இருக்கிறது. கொங்கண் துறைமுகங்களிலிருந்து ஜுன்னருக்குச் சரக்கு ஏற்றி வந்தவர்கள் அதில்தான் சுங்கக் காசு போட்டார்கள் என்று ஊரே சொல்கிறது. தொட்டியில் அப்படி எதுவும் எழுதியில்லை. ஆடிட் பாஷையில் சொன்னால் வவுச்சர் இல்லாத எண்ட்ரி. ஆனால் பக்கத்துக் குகையில் வவுச்சரோடு ஒரு கணக்கு இருக்கிறது!

குகையின் இரண்டு பக்கச் சுவரிலும் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், ஒரு நீண்ட கல்வெட்டு. சாதவாகன ராணி நாகனிகாவுடையது. சுமார் 2,000 வருஷப் பழசு. அவளும் அவள் கணவன் சாதகர்ணியும் செய்த யாகங்கள், கொடுத்த தட்சிணைகள் பட்டியல். 1,700 பசு, 10 யானை, 17 வெள்ளிக் குடம். ஒரு யாகத்துக்குத் தட்சிணை 24,400 காசு. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் 6,001 காசு. அந்த ஒரு காசைப் பார்த்ததும் நம்ம ஊர் மொய் நோட்டு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

இந்தியாவில் எண்கள் எழுதப்பட்ட மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. 1870களில் பகவான்லால் இந்திரஜி இந்த எண்களைப் பற்றி எழுதினார். 24,400 எழுத மூன்றே குறிகள்: இருபதாயிரத்துக்கு ஒன்று, நாலாயிரத்துக்கு ஒன்று, நானூறுக்கு ஒன்று. பூஜ்யம் கிடையாது. நம்ம பழைய தமிழ் எண்களிலும் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி உண்டே, அந்த மாதிரி. இதே சாதவாகனர்கள் பிற்காலத்தில் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் ஒரு திராவிட மொழி. அது தமிழ்தான் என்பது பல அறிஞர்கள் கருத்து.

பின்சுவரில் ராஜ குடும்பத்துச் சிலைகள் வரிசையாக இருந்திருக்கின்றன. இன்றைக்கு மேலே பெயர்கள் இருக்கின்றன, கீழே சில பாதங்களின் தடம் இருக்கிறது, நடுவில் ஆள் இல்லை. பெண் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "படி மாதிரியே இருக்குப்பா, நடுவுல மட்டும் போயிடுச்சு" என்றாள்.

கணவாயும் அப்படித்தான் போயிற்று. 1830-ல் போர்காட் வழியாக வண்டிச் சாலை திறந்தார்கள். 1863-ல் அதே வழியில் ரயில் வந்தது. பொதிமாட்டுக்கு மட்டும் லாயக்கான இந்தக் கல் வழிக்கு அப்புறம் என்ன வேலை? காசு வேறு பாதையில் போய்விட்டது. இப்போது சனி, ஞாயிறு எங்களை மாதிரி ஆட்கள் வருகிறோம்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவளிடம் ஒன்று சொன்னேன். எங்க பெரிய கோயில் சுற்றுச் சுவரில் ஒரு பெரிய கல்வெட்டு இருக்கிறது. 1803-ல் சரபோஜி காலத்தில் வெட்டியது. போன்ஸ்லே குடும்பத்தின் வரலாறு. மராத்தி மொழி, தேவநாகரி எழுத்து. சின்ன வயதில் தினமும் சாயங்காலம் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறேன். ஒரு எழுத்தும் தெரியாது. 'அவங்க' எழுதி வைத்தது, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"அதுல ஷாஹாஜி பேர் இருக்குமா?"

"இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது."

"நான் படிச்சுச் சொல்றேன்" என்றாள்.

ராஜராஜன் கட்டிய கோயிலில், என் ஊர்ச் சுவரை, புனாவில் பிறந்த என் பெண் எனக்குப் படித்துச் சொல்லப்போகிறாள். அவள் மலை மேல் கேட்ட கேள்விக்கு நான் தேடின பதிலைவிட இது நல்ல பதிலாகத் தெரிந்தது. மே மாதத்துக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று. தங்கமணியும் வருகிறார், அங்கே கயிறு கட்டி ஏற வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு!

பி.கு.: ஜீவ்தன் போகிறவர்கள் மழைக்காலத்தில் பாறை ஏற வேண்டாம், பாசி வழுக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். அனுபவம் உள்ளவர்களோடு, கயிறோடு போங்கள். தண்ணீர் நிறைய வேண்டும். குகைக் கல்வெட்டில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். முக்கியமாக, ரொக்கம் கொண்டு போங்கள்.